கப்பல்துறையில் என் கைக்கு வந்த குடை

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்புக் குடை கிடக்கிறது. மரப்பிடி போட்டது. எங்கள் கந்தோரில் என்னோடு வேலை செய்த ரைப்பிஸ்ட் அக்காவின் குடை. இத்தனை வருடத்தில் ஒரு மழைக்கும் நான் அதை விரித்ததில்லை. எறியவும் மனம் வரவில்லை.

யுத்த காலத்தில் திருகோணமலையில் காலாற நடப்பதே சந்தேகத்துக்குரிய காரியம். கிழமை முழுக்கக் கதிரையில் இருந்து மரத்துப்போன கால்களுக்கு அக்காதான் வழி கண்டுபிடித்தார். ஞாயிறு காலை கொழும்பு பஸ்ஸில் ஏறி, கண்டி வீதியில் கப்பல்துறையில் இறங்கி, நகரத்துக்குத் திரும்பி நடப்பது. "ஊரைவிட்டு வெளிய நடந்தா எங்க போறாய் எண்டு கேப்பாங்கள். ஊருக்குள்ள நடந்தா, வீட்டை போறம் எண்டு சொல்லலாம். வீட்டை போறவளை ஆர் மறிக்கிறது?" என்பார். உண்மைதான். போகும்போதும் வரும்போதும் சோதனைச்சாவடிச் சிப்பாய்கள் எங்கள் பையைக்கூடக் கிளறாமல் விட்டுவிடுவார்கள். பற்றைக்குள் மயில் நிற்கும். சீனன்குடாப் பக்கமிருந்து விமானம் கிளம்பினால், அது மறையும்வரை அக்கா நின்று பார்ப்பார். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அந்த வீதியில்தான் அவரிடம் கொட்டினேன். அவர் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான்தான் முதலில் இறங்குவேன். அவர் ஜன்னலால் பையையும் குடையையும் தந்துவிட்டு இறங்குவார். அந்தக் கடைசி ஞாயிறு குடை மட்டும் வந்தது. "வெயில் ஏறப்போகுது, பிடி" என்றார். பைக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றேன். பஸ் புறப்பட்டுவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கொண்டக்டர் அவசரப்பட்டுவிட்டான், அடுத்த தரிப்பில் இறங்கி வருவார் என்று மரத்தடியில் காத்திருந்தேன், நான் ஒரு விசரி. உச்சி வெயிலில் தனியே நடந்தேன். சாவடியில் வழமையான சிப்பாய், "மற்ற நோனா எங்க?" என்று கேட்டான். "பஸ்ஸிலயே போயிட்டா" என்றேன். பொழுதுபடும்வரை இருத்தி வைத்துக் கேட்டார்கள். எங்கள் கந்தோர் ஐயா வந்து பொறுப்பெடுத்த பிறகே விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் வாசல் படலையில் அக்காவின் தாய். "நீதானே கூட்டிக்கொண்டுபோய் ஏத்திவிட்டனி" என்று அழுதார். அக்கா கனடாவில் இருப்பது மாதங்கள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அத்தனை ஞாயிறும் அவர் என்னோடு நடந்தது, ஒரு ஞாயிறு பையோடு பஸ் ஏறினால் ஒருவரும் ஏனென்று கேட்கக்கூடாது என்பதற்காக. நான் அதை நட்பென்று நினைத்திருந்தேன்.

போன மார்கழியில் அக்கா என் வீட்டுக்கு வந்தார். நன்றாக நரைத்திருந்தார்.

"உனக்குச் சொல்லியிருந்தா நீயெல்லோ மாட்டுப்பட்டிருப்பாய்" என்றார்.

"சொல்லாமல் விட்டதாலதான் மாட்டுப்பட்டனான்" என்றேன்.

"ஞாயிறு கப்பல்துறையில இருந்து நடப்பமே?" என்று கேட்டார்.

"ஏலாது அக்கா. முழங்கால் நோகுது."

பொய். இன்றைக்கும் ஞாயிறுகளில் பஸ்ஸில் போய் அங்கே இறங்கி நடந்துதான் வருகிறேன். இறங்கியதும் ஜன்னலைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அவர் புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. வாகனம் வீதியில் நின்றது. "படலை மட்டும் போக ஒரு குடை இருக்கோ?" என்றார். அலுமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது.

"இல்லை" என்றேன். நனைந்துகொண்டு போனார்.