முதலாளியிடம் வாங்கிய முதல் திட்டு

வட்டக்கானலில் நான் வேலை பார்க்கும் விடுதிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, என் மேஜையில் மானிட்டர் ஏன் அணைந்தே கிடக்கிறது என்றுதான். எனக்குக் கண் தெரியாது, பிறகு எதற்கு வீணாகக் கரண்ட்? ஸ்கிரீன் ரீடர் திரையில் வருவதை என் காதில் படித்துவிடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்குவதுதான் எனக்குத் தோது. பொத்தானைத் தேடி மவுஸோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஒரு வரி அடித்தால் ஒரு பதில். நான் அதைக் கேட்கும் வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது.

அந்த வேகம்தான் என் திமிர். பாதி வரியிலேயே விஷயம் புரிந்துவிடும். கண்ட்ரோல் பட்டனைத் தட்டி அதன் வாயை அடைத்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடுவேன்.

எங்கள் முதலாளி சமையல்காரர், டிரைவர், தோட்டக்காரர் என்று ஒருவர் விடாமல் திட்டுவார். என்னை மட்டும் மூன்று வருடமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் காலை, பழைய டிஸ்கைக் காலி செய்வதற்காக அறை முன்பதிவுகளை இன்னொரு டிஸ்கிற்கு நகல் எடுத்தேன். கோப்புகளின் பெயர்கள் வரிசையாகக் காதில் ஓடின. கடைசி வரியும் ஒரு பெயரோடுதான் தொடங்கியது. வழக்கம்போல் ரீடரின் வாயை அடைத்தேன். பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் அழித்தேன். அப்புறம் சரிபார்த்தால், அந்த வரியின் வாலில் 'இடம் இல்லை' என்று இருந்திருக்கிறது. மே மாத முன்பதிவு முழுவதும் காணோம்.

நானே போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. குரல் இறங்கியது.

"விடும்மா. கண்ணு தெரியாத புள்ளகிட்ட இம்புட்டுப் பெரிய சோலியக் குடுத்தது ஏந்தப்பு. நாளையிலருந்து போனை மட்டும் எடு, போதும்."

"தப்பு என்னோடது சார், கண்ணோடது இல்ல. முழுசாக் கேக்காம அழிச்சுட்டேன். சாயங்காலத்துக்குள்ள நானே சரி பண்ணித் தாரேன். அப்புறம் சொல்லுங்க."

போன வாரத்து நகல் பென் டிரைவில் இருந்தது. போனில் பேசினாலும் மெயில் போட்டால்தான் எங்களிடம் அறை உறுதி. ஆக அந்த நகலுக்குப் பிறகு வந்தவை எல்லாம் மெயிலில் இருந்தாக வேண்டும். குவிந்து கிடந்த மெயில்களிலிருந்து மே மாதத்தவற்றை ஒரே கட்டளையில் சலித்தெடுத்தேன். அதற்குப் பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கடைசிச் சொல்வரை கேட்டேன். மத்தியானச் சாப்பாடு மேஜையிலேயே ஆறிப்போனது.

சாயங்காலம் முதலாளி வந்து, அந்த மானிட்டரை முதல்முறையாகப் போட்டார். வழக்கமாக வருகிற குடும்பங்களின் தேதியையும் அறையையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவர் குரல் ஏறியது.

"ஏம்மா, கடைசி வரைக்கும் கேக்கக்கூடப் பொறுமை இல்லையா உனக்கு? சரியான அவசரக்குடுக்கை. இன்னொருக்க இப்படிப் பண்ணுன, தொலைச்சுப்புடுவேன். நாளைக்கு வெள்ளனே வந்து ரெண்டு நகலா எடுத்து வையி."

சமையலறை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அவர் அதோடு நிறுத்தவில்லை, இன்னும் ஏதேதோ சொன்னார். நானும் குறுக்கே பேசாமல் கடைசி வார்த்தை வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.