பூனாவுக்குப் போட்ட டிக்

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு தபால் ஆபீஸில் வெளியூருக்கு டிரங்க் கால் புக் செய்து கொடுப்பது என் வேலை. பம்பாய்க்கு லைன் கிடைக்க மூன்று மணி நேரம் ஆகும். சில நாள் கிடைக்காமலே போகும். பெஞ்சில் காத்திருப்பவர்கள் நிமிஷத்துக்கொரு தரம் "இன்னாக்கா ஆச்சு?" என்று உயிரை எடுப்பார்கள். எனக்கோ மூக்கின் மேல் கோபம்.

ஒருநாள் ஒரு சிலேட்டில் மெட்ராஸ், பெங்களூர், பூனா, பம்பாய் என்று வரிசையாக எழுதி ஜன்னலில் மாட்டினேன். லைன் எதுவரை போயிருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? நேரம் பார்த்து நானாக ஒவ்வோர் ஊருக்கும் ஒரு டிக் போடுவேன். அவ்வளவுதான், பெஞ்ச் அடங்கிவிட்டது. நேரம் போனதே தெரியவில்லை என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காசிமேட்டுப் பெண் ஒருத்தி அடிக்கடி வருவாள். புருஷனுக்குக் கப்பலில் வேலை. அந்த ஊரில் எனக்கென்று ஒரு நாதி கிடையாது. "சாப்டியாக்கா?" என்று என்னைக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான்.

ஒருநாள் காலையிலேயே ஓடி வந்தாள். "சண்ட போட்டுகினு பம்பாய் போயிட்டாருக்கா. சாயங்காலம் நாலு மணிக்கு லாட்ஜ வுட்டுக் கப்பலுக்குக் கெளம்பிடுவாரு. திரும்பி வர ஒரு வருசம் ஆவும். லாட்ஜுல போன் கீது, ஒரு வார்த்த பேசிடணும்."

பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்தாள். "லைனு வராட்டி இன்னா பண்றது? தந்தி அடிச்சிட்டு வூட்டுக்குப் போவட்டா?"

அப்போதே அவசரத் தந்தி அடித்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அவள் போய்விட்டால் அன்றைக்கு என்னோடு பேச ஆள் கிடையாது. பூனாவுக்கு ஒரு டிக் போட்டேன்.

"இன்னும் ஒரே ஊர்தான், உட்காரு."

முகம் மலர்ந்து உட்கார்ந்தாள். கொண்டு வந்த தூக்கைத் திறந்து வறுத்த நெத்திலியில் பாதியை எனக்கு வைத்தாள். பாவி நான், ரசித்துச் சாப்பிட்டேன்.

மணி நாலு அடித்தது. லைன் வரவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ இன்னாக்கா பண்ணுவ? பூனா வரிக்கும் லைன இஸ்துகினு வந்தியே, அதுவே பெர்சு" என்று சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளே சிலேட்டைக் கழற்றிவிட்டேன். அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு யார் இருந்தார்கள்?