என்னைப் பார்த்தால் வரும் இருமல்

முதல் இருமலை நான் முள் என்று நினைத்தேன். விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் பொமேரியன் டிங்கு வழக்கம்போல் என்மேல் தாவியது. தாவிய வேகத்தில் அதன் தொண்டையிலிருந்து வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. மீன் முள் சிக்கியிருக்கும் என்று சோற்றை உருட்டி விழுங்க வைத்தேன். உங்கள் நாய் இப்படி இருமினால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூச்சுக்கு அல்லாடும் வாயில் சோற்றைத் திணிப்பது ஆபத்து என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எக்ஸ்ரே பார்த்த கால்நடை மருத்துவர், மூச்சுக்குழல் தளர்ச்சி என்றார் (குழலை விரித்துப் பிடித்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்துபோய், வேகமாக மூச்சிழுக்கும்போது குழல் தட்டையாக ஒட்டிக்கொள்ளும்). சின்ன நாய்களுக்கு வருவதுதானாம்.

“எப்பல்லாம் ரொம்ப இருமுது?”

“நான் வேலைக்குப் போயிட்டு வந்ததும்தாங்க சார். என்னப் பாத்துட்டா அதுக்குத் தலகாலு புரியாது,” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“அதாம்மா பிரச்சனையே. சந்தோஷம் தாங்காம மூச்ச இழுக்குது. நீங்க வூட்டுக்கு வந்தா அதக் கண்டுக்காதீங்க. பத்து நிமிஷம் போவட்டும், அப்பறம் கிட்ட போங்க. அந்த மண்ணுத் தூசியோட போவவே கூடாது.”

இருமலை அடக்க மாத்திரை கொடுத்தார். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையை வாங்கினோம். தீனியைக் குறைத்தோம். இதெல்லாம் சுலபமாக இருந்தது.

இந்த இடத்தில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்களோடுதான் இருக்கிறார், வீட்டிலேயே தையல் வேலை. நான் டிங்குவைக் கொண்டுவந்த நாளிலிருந்து அதைச் சனியன் என்றுதான் கூப்பிடுவார். ஒரு பிஸ்கட் போட்டதில்லை. அவருடைய மெஷினுக்கு அடியில்தான் டிங்கு நாள் முழுக்க நிம்மதியாகத் தூங்கியது. அவரைப் பார்த்து ஒரு தடவைகூட இருமியதில்லை.

நான் பின்வாசல் வழியாக வருவேன். குளித்து, சேலை மாற்றி, சமையலறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு துணித்திரை. அந்தப் பக்கம் டிங்கு அண்ணியின் பாதத்தில் மோவாயை வைத்துப் படுத்திருக்கும். மருந்துக்கு அலைவது நான், இட்லிக்குள் மாத்திரையை ஒளித்து ஊட்டுவது நான், சொகுசு மட்டும் அவருக்கு. எனக்கு வயிறு எரிந்தது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு நாய்க்காக இப்படி எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் இதையெல்லாம் வெளியே சொல்வதில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தால், டிங்கு அண்ணியின் மடியிலேயே கிடக்கிறது. அவர் அதன் காதைக் கோதிக்கொண்டிருக்கிறார். அது யாருடைய நாய் என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. பட்டறைச் சேலையோடேயே “டிங்கு!” என்று கூப்பிட்டேன்.

ஒரே பாய்ச்சலில் வந்தது. இருமல் நிற்கவேயில்லை. நாக்கு நீலமானது, கால்கள் மடங்கின. நான் அலறிக்கொண்டு தூக்கப் போனேன்.

“நீ அந்தாண்ட போ வசந்தி! உன்னப் பாத்துதான் அது சாவுது!” என்று அண்ணி கத்தினார்.

கொல்லைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஃபேனை இழுத்துத் திருப்பும் சத்தம் கேட்டது. “ஒண்ணுமில்லடா, மெதுவா, மெதுவா,” என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கணவர் அண்ணியையும் டிங்குவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போக, நான் பின்னால் ஆட்டோவில் போனேன். டிங்குவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். என்னைப் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றேன். அது பிழைத்தது. பிழைக்காமல் போயிருந்தால் அதைக் கொன்றது என் பொறாமைதான்.

நான்கு மாதம் ஆகிறது. இது முழுதாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்கிறார் டாக்டர். தூங்கும்போது மூச்சை எண்ணச் சொல்லியிருக்கிறார். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. திரை இடுக்கு வழியாக எண்ணுகிறேன். எண்ண எண்ண என் மூச்சும் அதோடு சேர்ந்து போகிறது. பட்டறையில்கூட இப்போது அடிமேல் அடி வைத்துத்தான் நடக்கிறேன். எட்டு மணி நேர வேலை ஓடிவிடுகிறது, அந்தப் பத்து நிமிடம்தான் நகர மாட்டேன் என்கிறது.

நேற்று நேரம் ஆனதும் திரையை விலக்கினேன். டிங்கு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. வால் ஒரு தடவை தரையைத் தட்டியது. மறுபடி தூங்கிவிட்டது.

“பாத்தியா, இப்பல்லாம் நீ வந்தாகூட அது பாட்டுக்குப் படுத்திருக்குது. தேறிட்டுது,” என்றார் அண்ணி சந்தோஷமாக.

“ஆமாங்க அண்ணி,” என்றேன். டாக்டர் கேட்டது இதைத்தான். நான் நான்கு மாதம் பாடுபட்டதும் இதற்குத்தான். சமையலறைக்குத் திரும்பினேன். சத்தம் கேட்டால் எழுந்துவிடும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.