பாதிக் கிணறு

மன்னார்புரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிரே பள்ளம் தோண்டுகிறார்கள். இன்று காலை மோட்டார் போட்டு, பள்ளத்தில் ஊறிய தண்ணீரை இறைத்துத் தெருவில் விட்டார்கள். காபியோடு பால்கனிக்கு வந்தேன். சேறும் கொஞ்சம் இரும்பும் கலந்த, ஆழத்து மண்ணின் குளிர்ந்த வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு அது ஆகாது. காரணத்தைக் கேட்டால் நீங்களும் மூக்கைச் சுளிப்பீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கிணறு பாதிதான் எங்களுடையது. கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதில், ஒரு கல் உத்தரத்தின்மேல் ஏறிக் கிணற்றையே கடந்து போகும். இந்தப் பக்கம் எங்கள் ராட்டினம், அந்தப் பக்கம் கோமளம் மாமியுடையது. பத்திரத்தில் ‘கிணற்றில் சரிபாதி பாத்தியம்’ என்று இருக்கும். தண்ணீருக்கு அது தெரியுமா என்ன? உள்ளே இரண்டு வீட்டு வாளிகளும் இடித்துக்கொள்ளும். அம்மாவும் மாமியும் கிணற்றுக்குள் குனிந்தே பேசிக்கொள்வார்கள். மதிலுக்கு அடியில் குரல் போய்வரும். இன்றைக்கு என்ன குழம்பு என்பதில் ஆரம்பித்தால் ஊர் வம்பு முழுக்க முடிந்துதான் வாளி மேலே வரும்.

பெருமாள் திருவாராதனத்துக்கு அம்மாவுக்கு அந்தக் கிணற்றுத் தீர்த்தம்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் நமக்கு, தீர்த்தம் அவருக்கு. ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதைப் பேப்பர்க்காரன் சொல்வதற்கு முன்பே அம்மா சொல்லிவிடுவாள். வாளி விழும் சத்தம் மாறுமாம். “காவேரி வந்துட்டாடா” என்பாள், ஏதோ நாத்தனார் வந்து இறங்கியது மாதிரி.

மாமியின் பிள்ளை சென்னையில் இருந்தான். வீட்டை விற்றுவிட்டு அங்கே கிளம்பினார்கள். வாசலுக்கு வந்து சொல்லிக்கொண்ட மாமி, மறுபடியும் கொல்லைக்குப் போய்க் கிணற்றுக்குள் குனிந்து, “போயிட்டு வரேன்டி” என்றாள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வாங்கிய காண்ட்ராக்டர் வீட்டை இடித்து, கார் நிறுத்தத் தரைக்குக் கீழே ஒரு தளம் வேண்டும் என்று தோண்ட ஆரம்பித்தார். நான் அப்போது வக்கீலாகப் பதிவு செய்த புதிது. கோட்டில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சட்டம் பேசினேன். பக்கத்து மண்ணுக்கு உங்கள் மண் தாங்கலாக நிற்க வேண்டும், அந்தத் தாங்கலை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று பிரிவு எண்ணோடு ஒப்பித்தேன். அவர் மரியாதைக்காரர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்றது ரொம்பக் கரெக்டுங்க சார். உங்க பாதிக் கிணத்துல நாங்க கையே வைக்கலீங்க.”

பிறகு மிஷின்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மிஷின் தோண்டியது.

பள்ளத்தில் ஊற்று கண்டது. இறைத்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, ராட்டினக் கயிற்றுக்கு ஒட்டுக் கயிறு முடிந்தோம். ஒருநாள் வாளி சேற்றில் போய் உட்கார்ந்தது. சீனியரிடம் ஓடினேன்.

“மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கசியிற தண்ணி யாருக்கும் சொந்தமில்லப்பா. அவன் இடத்துல அவன் இறைக்கிறான். தண்ணிக்குக் கேஸ் நிக்காது.”

“மண்ணு சரிஞ்சா சார்?”

“அதுக்கு நிக்கும். சரிஞ்சிருச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

சரிவதற்கு முன்பே தடை கேட்டுப் பார்த்தோம். எதிர்த்தரப்பு நாலு சவுக்குக் கழிகளை மதிலுக்கு முட்டுக் கொடுத்துப் போட்டோ பிடித்துக் காட்டியது. ஆபத்து இல்லை என்று மனு தள்ளுபடி ஆயிற்று. வீட்டுக்கு வந்தால் அம்மா காலி வாளியோடு நிற்கிறாள்.

“கோர்ட்டுல என்னடா சொல்றா?”

“மொதல்ல இடிஞ்சு விழணுமாம்மா.”

அடுத்த மழையில் விழுந்தது. கிணற்றின் செங்கல் சுற்று பள்ளத்துப் பக்கமாகச் சரிந்து, மதிலையும் இழுத்துக்கொண்டு போயிற்று. சமையலறையின் பின்சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்தது. சீனியருக்கு ஒரே உற்சாகம். “இப்பத்தாம்பா உனக்குக் கேஸே பொறந்திருக்கு!”

அது வளர்ந்து ஆளாகி, தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தபோது, பக்கத்தில் அடுக்குமாடி முழுதாக எழும்பி ஜன்னல்களில் துணி உலர்ந்துகொண்டிருந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

“ஜெயிச்சுட்டோம்மா.”

“தீர்த்தம் வருமாடா?”

“செவுரு வரும்மா.”

அம்மா இனிப்பைத் தொடவில்லை. சுவர் வந்தது. கிணறு இருந்த இடத்தில் இடிபாட்டைக் கொட்டி மேலே சிமெண்ட் பூசினோம். பிறகு அந்த வீட்டில் அம்மாவுக்கு மனசு ஒட்டவில்லை, இங்கே வந்துவிட்டோம். இப்போது பெருமாளுக்குக் கேன் தண்ணீர். மூடியைத் திருகும்போதெல்லாம் அவரிடம் ஏதோ சமாதானம் சொல்கிறாள். காவிரி வந்த செய்தி என் போனில் வருகிறது. நான் படித்துச் சொன்னால், “ஓஹோ” என்பாள், அவ்வளவுதான்.

இன்று காலை அவளும் வாசனை பிடித்துக்கொண்டு பால்கனிக்கு வந்துவிட்டாள். ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஓடுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“யாராத்துக் கிணறுடா வத்தறது?” என்றாள். “போய் நிறுத்தச் சொல்லேன். நீ வக்கீல்தானே?”

கீழே நின்ற மேஸ்திரி அண்ணாந்து பார்த்து எனக்கு வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன்.