அவரவர் பாஷையில்

ஓசூர் தொழிற்சாலையில் எங்கள் லைன் சூப்பர்வைசருக்கு வாயோரத்தில் எப்போதும் பாக்கு எச்சில் வழியும். யாரையாவது திட்டாமல் மதியச் சோற்றில் கை வைக்க மாட்டார். அதுவும் அவரவர் தாய்மொழியில். கன்னடக்காரனைக் கன்னடத்தில், பீகாரிலிருந்து வந்தவனை இந்தியில். இந்தியில் அவருக்குத் தெரிந்ததே வசவு மட்டும்தான்.

"ஏன் சார் இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மேனேஜரு காலையிலயே என்னைப் புழிஞ்சிடறாருப்பா. அந்த டென்ஷன யார் மேலயாவது இறக்கணுமில்ல? அவன் பாஷையில திட்டினாதான் அவனுக்கு உறைக்குது. எனக்கும் சோறு இறங்குது."

அருவருப்பில் அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் என்னைத் திட்டினார். வீட்டுக்கு வந்ததும், தண்ணீர் கொடுத்த மனைவி மேல் எரிந்து விழுந்தேன். நாங்கள் பேசிக்கொள்வது தமிழில்தான். திட்டியது மட்டும் அவள் அம்மா வீட்டுத் தெலுங்கில்.

அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.