ஃபெர்னான் அடைத்துவிட்டுப் போன காற்று

செய்தி வந்தபோது காலை பத்தே கால் இருக்கும், காப்பி வேளை. ஒதீல் ஏணியின் உச்சியில், ஹீலியக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். கீழே அளவியின் முன் உட்கார்ந்திருந்த இயற்பியலாளன் மர்செலான் தொலைபேசியை எடுத்தான். இரண்டு முறை "சரி" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

"கீழ இறங்கு, ஒதீல்."

"மேல் வரிசை இன்னும் முடியல."

"ஃபெர்னான் போயிட்டான். விடியக்காலைலயாம். இறங்கு."

அவள் உடனே இறங்கவில்லை. முதலில் குழாயை மூடினாள். திறந்தபடியே விட்டால் ஹீலியம் கூடமெங்கும் பரவி அன்றைய தேடலே பாழாகிவிடும். மனசு நின்றுபோனாலும் கை தன் வேலையைச் செய்தது.

ஏணிக்குக் கீழே கிடந்தது அந்த எந்திரம். ஆள் உயரத்தில், நடுவில் ஓட்டையுள்ள டோனட் மாதிரி ஓர் எஃகு வளையம். அதற்குள் ஹைட்ரஜன் வாயுவைச் சூரியனின் வயிற்றைவிடச் சூடாக்கி, சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணையும். என்றாவது ஒருநாள் அந்த நெருப்பில் மொன்றியால் நகரம் முழுக்க விளக்கெரியும் என்று நம்பித்தான் ஒதீலும் ஃபெர்னானும் இந்த வேலைக்கு வந்தார்கள். வந்த பிறகு அவர்கள் கையில் கிடைத்தது நெருப்பல்ல, வெற்றிடம். வளையத்துக்குள் இழையளவு காற்று நுழைந்தாலும் அது சூட்டை உறிஞ்சி நெருப்பை அணைத்துவிடும். எதுவும் இல்லாமல் வைத்திருப்பதுதான் அவர்கள் பிழைப்பு. "என்ன வேலை பாக்குறேன்னு மாமியார் கேட்டா, ஒண்ணுமில்லாததுக்குக் காவல் இருக்கேன்னு சொல்லுவேன்" என்பான் ஃபெர்னான்.

இனிப் பணம் இல்லை என்று தலைநகர் ஒட்டாவாவிலிருந்து இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். மார்ச் கடைசியில் எந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். அதற்குள் ஒரே ஒரு சோதனை பாக்கியிருந்தது. நெருப்பின் கழிவுச் சூட்டை வாங்கிக்கொள்ளும் கிராஃபைட் ஓடுகளை ஒதீலும் ஃபெர்னானும் வருஷக்கணக்கில் செதுக்கிச் செதுக்கி முடித்திருந்தார்கள். அந்த ஓடுகளோடு நெருப்பு இதுவரை நிற்காத அளவு நீண்ட நேரம் நின்று காட்டினால் வேறொரு தேசத்துப் பெரிய எந்திரம் அவற்றை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் வரைபடத்தோடு சரி.

ஆனால் நவம்பரில் வளையத்தை மூடியதிலிருந்து உள்ளே காற்று இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. குளிர்காலம் முழுக்க ஒதீல் வளையத்தின் வெல்டிங் இணைப்புகளின்மேல் ஹீலியத்தை ஊதிப் பார்த்தாள். ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே போகும், அளவியின் முள் துள்ளும். முள் துள்ளவே இல்லை. ஆற்றில் பனிக்கட்டி கட்டியது. ஃபெர்னான் வயிற்றுவலி என்று விடுப்பெடுத்தான், பிறகு ஆஸ்பத்திரியில் படுத்தான். ஒதீல் தனியே ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம், அவனுடைய சாமான்களைக் கொண்டுவந்து தரச் சொன்னாள் அவன் மனைவி ஜினெட். ஒதீல் அவன் மேசை இழுப்பறையைத் திறந்தாள். படிக்கும் கண்ணாடி, பெப்பர்மின்ட் டப்பா, ஒற்றைக் கையுறை. அவற்றுக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம், அவளே கட்டியது. பிரித்தாள். ஆறு திருகுகள்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வெற்றிடத்துக்குள் போகும் திருகுக்கு நடுவே, தலையிலிருந்து நுனிவரை, மயிரிழை போல ஒரு துளை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகின் அடியில் மாட்டிக்கொண்ட காற்று வெளியேற வழியில்லாமல் மரைவழியே மாதக்கணக்கில் கசியும். அதனால் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு திருகையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். துளையில் வெளிச்சம் தெரிந்தால்தான் உள்ளே போகும். இந்த ஆறுக்கும் துளை போட்டவள் ஒதீல். கடைசி கிராஃபைட் ஓடு மாட்டுவதற்கானவை.

நவம்பரில் அந்தக் கடைசி ஓடு மாட்டும்போது ஃபெர்னான் தோள்வரை கையை வளையத்துக்குள் விட்டிருந்தான். உள்ளே கண்ணுக்கு எட்டாது, விரல்தான் பார்க்கும். அவன் முகம் மெழுகுபோல் வெளுத்திருந்தது.

"என்னய்யா, நேத்து ராத்திரி எவ்வளவு பீர்?"

"பீரா? பட்டாணி சூப், பொண்ணே. ஜினெட் கைப்பக்குவம். மனுஷன் பொழைக்கிறதே பெரிசு."

"விளக்கு தெரிஞ்சுதா எல்லாத்துலயும்?"

"தெரிஞ்சுது, தெரிஞ்சுது. நீ என்ன, சுங்கச்சாவடியா? தள்ளு."

அன்று அவன் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வலியில் எந்தப் பெட்டிக்குள் கைவிட்டு எந்தத் திருகை எடுத்தானோ! துளையிட்டவை இங்கே இருக்கின்றன. அப்படியானால் உள்ளே இருப்பவை துளையில்லாதவை.

ஒதீல் பொட்டலத்தை மர்செலானின் மேசையில் வைத்தாள். அவன் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான். அவனுக்கும் புரிந்தது.

"அப்ப ஓட்டையே இல்ல. இல்லாத ஓட்டைய மூணு மாசமாத் தேடியிருக்கோம்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "யார் மாட்டினது?"

"நாங்க ரெண்டு பேரும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். திருகைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தான்.

"தொறந்து மாத்திரலாம் மர்செலான். ஒரு நாள் வேலை."

"மாத்துறது ஒரு நாள். தொறந்தா சுவரெல்லாம் ஈரத்தக் குடிச்சிரும். திரும்ப வளையத்தச் சூடு பண்ணி, பம்ப ஓட்டி... ஏப்ரல் பாதி ஆயிரும், ஒதீல்."

"ரெண்டு வாரம் கூடக் கேட்டுப் பாரேன்."

"கேக்காமயா இருந்தேன்? ஜனவரிலயே கேட்டாச்சு. கரன்ட் கட்டணத்தக்கூட மார்ச் வரைக்கும்தான் கட்டியிருக்காங்க."

"தொறக்காம விட்டா?"

"அந்தக் காத்து தானா வத்திரும். வேனக்காலத்துல வளையம் பளிங்கு மாதிரி ஆயிரும்."

"வேனக்காலத்துல யாரு இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டோம்."

அதன் பிறகு அவள் ஏணியில் ஏறவில்லை. அளவியின் முன் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையத்துக்குள் துளித்துளியாய்க் கசிந்துகொண்டிருந்தது அந்த நவம்பர் நாளின் காற்று. ஃபெர்னான் நின்று பேசிய கூடத்தின் காற்று, ஆறு திருகுகளின் அடியில் அடைபட்டது. பம்பு அதை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. எந்திரத்துக்காக அது சீக்கிரம் தீர வேண்டும். தீர்ந்துவிடுமே என்றும் அவளுக்கு இருந்தது.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை நெருப்பைப் பற்றவைத்தார்கள். வளையத்தின் சிறு சாளரத்தில் ஊதா வெளிச்சம் எழுந்தது, நடுங்கியது, போய்விட்டது. மறுபடி பற்றவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஓடுகள் சூட்டை உணரும் முன்பே காற்று அதைத் தின்றுவிட்டது. நாலு மணிக்கு இயக்குநர் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். யாரோ கேக் வாங்கி வந்திருந்தார்கள். யாரும் வெட்டவில்லை.

பிறகு ஒதீல் சாமான் பெட்டியை ஜினெட்டின் வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஜினெட் அவன் கண்ணாடியை எடுத்துத் தன் சட்டையில் துடைத்தாள்.

"கடைசி நேரத்துலயும் அந்த மெஷின் பேச்சுதான். ஓடெல்லாம் ஒழுங்கா மாட்டிட்டேன் ஜினெட், இனி ஒதீல் பாத்துப்பான்னு சொல்லிட்டே இருந்தாரு. எரிஞ்சுதாம்மா?"

"எரிஞ்சுது."

"நல்லா நின்னுதா?"

ஒதீல் கையுறையை மேசைமேல் நேராக எடுத்து வைத்தாள்.

"கொஞ்ச நேரம் நின்னுது."

ஜினெட் தலையசைத்தாள். "அவருக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு, சூப்பைச் சூடாக்க எழுந்து போனாள்.

பெட்டியில் ஒதீல் வைக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். எந்திரக் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், வளையம் கழற்றப்படாமல் உள்ளேயே கிடக்கிறது. துளையிட்ட ஆறு திருகுகளும் அவளுடைய குளிர்கோட்டுப் பையில் பொட்டலமாகவே இருக்கின்றன, மாட்டப்படாமல்.