ஜூலை மாதத்துப் புல்

அந்தக் கோடையில் லண்டன் மோர்டனில் ஒரு வீட்டுப் புல்லும் பச்சையாக இருக்கவில்லை. நல்ல மழை கண்டு ஏழு கிழமை ஆகியிருந்தது. ஹோஸ் பைப் பாவிக்கக்கூடாது என்று எல்லா வீட்டுக்கும் அறிவித்தல் வந்திருந்தது. சனங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பூச்சாடிகளுக்கு வாளியில் அள்ளி ஊற்றிவிட்டு, காய்ந்த புல்லின் மேலேயே கதிரையைப் போட்டு வெயில் காய்ந்தார்கள். எனக்கு மட்டும் அந்த நிறத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

நான் அப்போது அண்ணை, அக்கா என்று நான் கூப்பிடும் ஒரு புருசன் பெண்சாதியின் வீட்டு மேல் அறையில் தங்கியிருந்தேன். இருவரும் மன்னார்ப் பக்கம். அண்ணை முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், முழங்கால் வருத்தம். அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தா. என் மச்சான் ஒருவருக்குத் தெரிந்தவர்கள் என்பதைத் தவிர எங்களுக்குள் சொந்தம் ஒன்றும் இல்லை. நான் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை. சொன்ன நாட்களில் குரோய்டனில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைப்பேன். மற்ற நாட்களில் தபால்காரர் வரும்வரை மேலும் கீழுமாகப் படி ஏறி இறங்குவேன். அவர் போன பிறகும் ஏறி இறங்குவேன்.

"தம்பி, ஒரு இடத்தில இரன். எனக்குத் தலை சுத்துது" என்று அக்கா சொல்லுவா. இருப்பேன். ஐந்து நிமிடத்தில் கால் தானாகப் பின்கதவுக்குப் போய்விடும். அங்கே அந்தப் புல் கிடக்கும், வைக்கோல் மாதிரி.

லண்டனுக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் வளைகுடாவில், பாலைவனத்து நகரமொன்றில், நான் புல் வளர்த்தேன். மதில் கட்டிய பெரிய குடியிருப்பு. உள்ளே பணக்கார வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் பச்சைப் புல்தரை. மதிலுக்கு வெளியே மணல். அங்கே புல்லுக்கு வருடம் ஒக்டோபரில்தான் தொடங்கும். வெயில் கொஞ்சம் இறங்கியதும் கோடைப் புல்லை அடியோடு மழித்துவிட்டு, அதன் மேல் குளிர்காலப் புல்லின் விதையைத் தூவுவோம். மேலே மெல்லிசாக எரு. நாளுக்கு ஐந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். பத்து நாளில் முளைக்கும். அப்படி ஒரு பச்சையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஏப்ரல் முடிய அது வெயிலில் கருகிச் சாகும். அதற்குள் அடியில் நித்திரை கொள்ளும் கோடைப் புல்லை எழுப்பிவிட வேண்டும். பிறகு ஜூன், ஜூலை, ஓகஸ்ட். அந்த மூன்று மாதமும் புல் வளர்ப்பதில்லை, காப்பாற்றுவதுதான். உயரமாக வெட்டவேணும், அதன் நிழல் அதன் வேருக்கே விழுகிற மாதிரி. சூரியன் வர முதல் ஆழமாகத் தண்ணீர் விடவேணும். மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தால் இன்னும் விட்டுக் கழுவவேணும். ஒரு நாள் தவறினால் நிறம் மாறும். மூன்று நாள் தவறினால் முடிந்தது.

என் பகுதியில் நாங்கள் இரண்டு பேர். வெட்டுவது ஒரு நேபாளி. தண்ணீர் நான். அவனுக்கு என்னைவிட வயது குறைவு. எங்களுக்குள் அரைகுறை ஹிந்திதான் பாஷை. ஒருவரையொருவர் "பாய்", ஹிந்தியில் சகோதரன், என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் அவனுக்குக் கலியாணம் பேசியிருந்தது.

ஒரு ஜூலை மாதம், நீண்ட விடுமுறை ஒன்று வந்தது. தண்ணீர் திறந்து மூடுவது பெட்டியில் இருந்த டைமரின் வேலை. அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது என் வேலை. விடுமுறைக்கு முதல் நாள் கரண்ட் போய் வந்தது. டைமர் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அறையில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரம் போய்ப் பார்க்கலாம் என்று படுத்தேன். அன்று போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை.

நாலாம் நாள் காலை மூன்று வீட்டுப் புல் செத்துக் கிடந்தது. மேற்பார்வையாளர் எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "இந்த இடத்தில் வேலை செய்வது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நேபாளி கையைத் தூக்கினான். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வேலை போய், அவன் பையோடு பஸ்ஸில் ஏறினான். விமான நிலையத்துக்குப் போகிற பஸ். நான் அப்போது பெட்டியைத் திறந்து டைமரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், அவன் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காக.

இதை நான் அந்தக் கோடை வரை ஒருவருக்கும் சொன்னதில்லை. மோர்டனில் புல் நிறம் மாறத் தொடங்கியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முதலில் குளித்த தண்ணீரை வாளியில் காவிக் கொண்டுபோய்ப் புல்லுக்கு ஊற்றினேன். அக்கா மாடிப்படி முழுக்க ஈரம் என்று ஏசினா. பிறகு ஒரு நாள் விடியற்காலை, நாலரை மணியிருக்கும், வெளிச்சம் வந்துவிட்டது, கராஜுக்குள் இருந்த ஹோஸ் பைப்பை இழுத்து வந்து பூட்டினேன். சத்தம் வராமல் தண்ணீரைக் குறைத்து வைத்து வேருக்கு விட்டேன். மண் குடிக்கிற சத்தம் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு கை ஒரு வேலை செய்தது. மூன்று நாள் அப்படிச் செய்தேன்.

நாலாம் நாள் நிமிர்ந்து பார்த்தபோது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி மேல் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தா. கையில் தேத்தண்ணிக் கோப்பை. என்னையே பார்த்தா. நான் பைப்பைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அன்று காலை பத்து மணிக்கு மணி அடித்தது. படியின் மேலே நின்று கேட்டேன். அந்தக் கிழவியின் குரல். பொலிஸ் வரும், கேஸில் எழுதுவார்கள், சட்டத்தை மீறினவன் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அதுதான் ஓடியது தலைக்குள். அறைக்குள் போய்ச் சப்பாத்தைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. எங்கே போவதற்கு?

கதவு தட்டினது அண்ணை. முழங்கால் வருத்தத்தோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்திருந்தார்.

"அவா என்னண்ணை சொன்னவா?"

"உனக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு கேட்டவா. ஒவ்வொரு நாளும் விடிய முதலே தோட்டத்தில நடக்கிறியாம். நித்திரை கொள்ளுறதில்லையோ எண்டு கேக்கிறா. கேக் ஒண்டும் தந்திட்டுப் போறா."

"தண்ணியைப் பற்றி?"

"அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை." அண்ணை என் கட்டிலில் இருந்தார். என் காலைப் பார்த்தார். "சப்பாத்து போட்டிருக்கிறாய். எங்கை போறாய்?"

சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். டைமரில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் முழங்காலைத் தேய்த்தார்.

"பிழைதான்" என்றார். "பெரிய பிழை. அவன்ர நம்பர் இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"எடுக்க ஏலுமோ?"

எடுக்க ஏலும் என்று எனக்கு எப்போதும் தெரியும். அந்த வேலையில் இன்னும் இருக்கிற தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்கு அன்றைக்கே போன் அடித்தேன். "ஆமா, இருக்கு. எதுக்குங்க இத்தனை வருஷம் கழிச்சு?" என்று கேட்டுவிட்டு அனுப்பினார். நம்பர் வந்த பிறகு இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு மோர்டன் முழுக்க நடந்தேன். மூன்றாம் நாள், தோட்டத்துக் கதிரையில் இருந்தபடி அவனுக்குக் கோல் எடுத்தேன்.

குரலை உடனே பிடித்துவிட்டான். "பாய்! எங்கே இருக்கிறாய்?" சொன்னேன். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஒரு சின்னக் கடை. அவ்வளவு ஓட்டம் இல்லை. நான் நேராகச் சொன்னேன்: கரண்ட் போனது தெரியும், பெட்டியைப் பார்க்காமல் படுத்தது நான், கை தூக்கவேண்டியதும் நான்.

மறுமுனையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"நான் ஏன் கை தூக்கினேன் தெரியுமா?" என்றான். "அதற்கு முதல் கிழமை ஒரு வீட்டு அம்மா, புல் அழகாக வெட்டியிருக்கு என்று சொன்னா. செத்த புல்லை நான் அப்போது பார்த்திருக்கவில்லை. மேற்பார்வையாளர் அதைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்."

நான் கதிரையை விட்டு எழும்பிப் புல்லில் நின்றேன்.

"தண்ணீர் விடுவது உன்னுடைய வேலை என்று பஸ்ஸில் ஏறின பிறகுதான் யோசித்தேன்" என்றான். "கன நாள் கோபம் இருந்தது. கலியாணமும் ஒரு வருடம் தள்ளிப் போனது. இப்போது கோபமா என்று கேட்டால் தெரியாது, பாய்." பிறகு, "லண்டனில் தோட்ட வேலை இருக்கா? என்னைக் கூப்பிட முடியுமா?" என்று கேட்டான்.

"எனக்கே இன்னும் பேப்பர் இல்லை" என்றேன்.

"வந்ததும் சொல்லு" என்றுவிட்டு வைத்தான்.

மன்னித்துவிட்டான் என்றோ இல்லையென்றோ என்னால் சொல்ல முடியாது. பல நாளைக்குப் பிறகு அன்று பசித்தது, இரண்டு தடவை சாப்பிட்டேன். ஹோஸ் பைப்பைச் சுற்றிக் கராஜுக்குள் வைத்தேன்.

செப்டெம்பரில் மழை வந்தது. ஒரு கிழமை பெய்தது. தண்ணீர் விட்ட மூலையும் விடாத மூலையும் ஒரே மாதிரிப் பச்சையாயின. இங்கத்தைப் புல் சாகவில்லை, வேரில் உயிரை வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறது. அக்கா சந்தோசப்பட்டா. எனக்கு ஏனோ எரிச்சல்தான் வந்தது. ஒருவனும் ஒன்றும் செய்யாமலே ஒரு புல்தரை திரும்பி வரும் என்பதை என் உடம்பு ஏற்க மறுத்தது.

குளிர்காலத்தில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மார்ச் மாதம் கடிதம் வந்தது: இருக்கலாம், வேலை செய்யலாம். அக்கா பூசைக்குக் காசு கொடுத்தா. அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அன்றைக்கே நேபாளுக்கு அடித்துச் சொன்னேன். தோட்ட வேலைக்கு ஆளைக் கூப்பிட வழி இருக்கிறதா என்று நாலைந்து இடத்தில் விசாரித்தேன், இல்லை என்றார்கள். அதையும் மறைக்காமல் சொன்னேன். "சரி" என்றான். ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அவன் எனக்கு எடுக்கவில்லை. மாதம் ஒரு தடவை நான் எடுக்கிறேன். சில வேளை எடுப்பான், சில வேளை மனைவி எடுத்து, அவர் வெளியில் என்பா.

இப்போது தென் லண்டன் பூங்காக்களில் புல் வெட்டுகிறேன். தண்ணீர் விடும் வேலை எனக்கு இல்லை. இங்கே அதை மழை பார்த்துக்கொள்கிறது. வேலை ஏழரைக்குத்தான். நான் ஆறு மணிக்கே பூங்கா வாசலில் நிற்பேன். திறப்பு வைத்திருக்கிறவர் வந்து, "உனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்காதா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்பேன்.